மாவும் மின்சாரமும்: லடாக்கின் குளிர்காலமும் மின்விநியோகத்தின் வரலாறும்

ஜூலையில் லடாக்கின் ஆறுகள் பெருகும். பனிமலைகள் உருகி, சிந்துவும் சுருவும் சாம்பல் நிற வெள்ளமாக ஓடும் அந்த மாதத்தில் வீடுகளுக்கு மின்சாரம் அதிகம் தேவைப்படுவதில்லை. இரவு 8 மணியை ஒட்டியும் அந்தி வெளிச்சம் எஞ்சியிருக்கும். ஜனவரியில் நிலைமை தலைகீழ். கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழ் 15 டிகிரிக்கும் தாழ இறங்கும். திராஸில் குளிர் இன்னும் கடுமை. மலைப்பனி உருகுவது நின்றுவிடுவதால் ஆறுகள் மெலிந்து ஓரங்களில் உறைந்துவிடும். ஆகவே, தேவை உச்சத்தை எட்டும் மாதத்தில்தான் நீர்மின் நிலையங்களின் உற்பத்தி அடிமட்டத்தைத் தொடுகிறது.

மின்வெட்டு என்றால் நிதிப் பற்றாக்குறை, நிருவாகச் சீர்கேடு, அரசியல் புறக்கணிப்பு ஆகியவற்றைக் காரணமாகச் சொல்வது நம் வழக்கம். லடாக்கில் இவை எல்லாமே உண்டு. ஆயினும் இவற்றுக்கெல்லாம் அடியில் பருவத்துக்கும் தேவைக்கும் இடையிலான இந்தப் பொருத்தமின்மை கிடக்கிறது. அதைக் கணக்கில் கொள்ளாமல் அப்பகுதியின் மின்வரலாற்றை எழுதினால், அது திறப்பு விழாக்களின் பட்டியலாகச் சுருங்கிவிடும்.

இந்திய மின்மயமாக்கலின் அலுவல்முறை அளவுகோல்களே அத்தகைய பட்டியலுக்கு வழிவகுப்பவை. 1997 வரை ஒரு வருவாய்க் கிராமத்தின் எல்லைக்குள் எந்தப் பயன்பாட்டுக்கேனும் மின்சாரம் வந்திருந்தால் அது மின்வசதி பெற்ற ஊர். வயலில் ஒரு பம்புசெட் ஓடினாலும் போதும். 1997இல் அவ்வரையறை மக்கள் குடியிருக்கும் பகுதிக்கு நகர்ந்தது. 2004இல் குறைந்தது 10 விழுக்காடு வீடுகளிலும், பள்ளி, சுகாதார நிலையம் முதலிய பொது இடங்களிலும் இணைப்பு வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. 2018 ஏப்ரல் 28 அன்று, மணிப்பூரின் லைசாங் கிராமத்தோடு நாட்டின் எல்லா ஊர்களும் மின்வசதி பெற்றுவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இம்மூன்று வரையறைகளும் கம்பத்தையும் கம்பியையும் எண்ணுகின்றன. ஜனவரி மாதத்து இரவொன்றில் எத்தனை மணி நேரம் விளக்கு எரிந்தது என்பது எதிலும் இடம்பெறவில்லை. சுனிலா காலே 2014இல் வெளியிட்ட ‘எலெக்ட்ரிஃபையிங் இந்தியா’ என்னும் நூல், மாநிலந்தோறும் மின்மயமாக்கல் வேறுபட்டதற்கு அவ்வம்மாநில அரசியல் பொருளாதாரத்தில் காரணம் தேடியது. மகாராஷ்டிரம், ஒடிசா, ஆந்திரம் ஆகியவற்றுக்கு அந்த அணுகுமுறை பொருந்துகிறது. லடாக்குக்கு வரும்போது அரசியல் பொருளாதாரத்தோடு வெப்பமானியையும் கையிலெடுக்க வேண்டியிருக்கிறது.

புறக்கணிப்பின் கதை பழையது. 1834இல் ஜோராவர் சிங்கின் படையெடுப்போடு ஜம்முவின் டோக்ரா ஆட்சிக்குள் வந்த லடாக், பின்னர் ஜம்மு காஷ்மீர் சமஸ்தானத்தின் பகுதியாயிற்று. அதே சமஸ்தானம் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஜீலம் ஆற்றின் கரையில் மோஹ்ராவில் நீர்மின் நிலையம் அமைத்தது. இந்தியாவின் மிகப் பழைய நீர்மின் நிலையங்களில் ஒன்றான அது ஸ்ரீநகருக்கு ஒளியூட்டியது. சோஜி லா கணவாய்க்கு இப்பால் அந்த வெளிச்சம் எட்டவில்லை. 1952இல் குஷோக் பகுலா ரின்போச்சே ஜம்மு காஷ்மீர் அரசியல் நிர்ணய அவையில் எழுந்து, மாநிலத்தின் நிதிநிலை அறிக்கையில் லடாக்குக்கு இடமில்லை என முறையிட்டார். அவர் லடாக்கி மொழியிலேயே பேசினார் என்பது அவ்வுரையின் உள்ளடக்கத்தைப் போலவே நினைவில் நின்றுவிட்டது.

மின்சாரம் இல்லாத அந்தக் காலத்தை இருட்டின் காலம் என்று ஒரே சொல்லில் கடந்துவிடுவது எளிது. ஆனால் அங்கே குளிரை எதிர்கொள்ள ஒரு முழுமையான ஏற்பாடு இருந்தது. பருவத்தில் கிடைப்பதை இல்லாத பருவத்துக்குச் சேமித்து வைப்பதே அதன் அடிப்படை. வெயிலில் காய்ந்த மண்கற்களாலான தடித்த சுவர்கள் பகல் வெயிலை உள்வாங்கி இரவில் மெல்ல விடும். பல வீடுகளில் கீழ்த்தளம் கால்நடைகளுக்குரியது. அவற்றின் உடற்சூடு மேல்தளத்தின் குளிரைச் சற்றுக் குறைக்கும். குளிர்காலத்தில் பிற அறைகளை மூடிவிட்டுக் குடும்பம் முழுவதும் சமையலறையின் ஒற்றை அடுப்பைச் சுற்றி அடங்கிவிடும். வேலைப்பாடு மிக்க அந்த அடுப்பு வீட்டின் செல்வத்தையும் காட்டும் பொருள். சமையலுக்கும் கணப்புக்கும் ஒன்றே. அதற்குரிய எரிபொருள் வரட்டி. கோடை முழுவதும் சாணத்தைத் திரட்டிக் காயவைத்து அடுக்குவது பெரும்பாலும் பெண்களும் சிறுவரும் செய்த வேலை. வில்லோ, பாப்லர் மரங்கள் கூரைக்கு வேண்டியவை. அவற்றை எரிப்பது ஆடம்பரம். வீட்டு மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரெங்கும் விறகும் தீவனமும் அடுக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பார்வைக்கு அழகாக இருப்பதால் பயணிகள் அதைப் படமெடுக்கிறார்கள். வீட்டாருக்கு அது இருப்புக் கணக்கு.

உணவிலும் இதே தர்க்கம் செயல்பட்டது. பார்லியை மொத்தமாக வறுத்து, நீராலையில் அரைத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வேளையும் அடுப்பேற்றிச் சமைக்க வேண்டியதில்லை. வெண்ணெய்த் தேநீரில் குழைத்து உண்ணலாம். எரிபொருள் அரிதான நாட்டில் இது பெரிய சிக்கனம். ‘ரந்தக்’ எனப்படும் அந்த நீராலை மலையோடையின் விசையால் சுழல்வது. ஓடை உறைந்தால் ஆலையும் நிற்கும். எனவே உறைவதற்கு முன்பே குளிர்காலத்துக்கான மாவை அரைத்துவிட வேண்டும். பின்னாளில் நீர்மின் நிலையங்களை முடக்கிய அதே உறைபனி அன்றும் ஆலைகளை முடக்கியது. ஆனால் அதனால் யாரும் பசித்திருக்கவில்லை. ஓடையின் கோடை உழைப்பு மாவாக மூட்டையில் இருந்தது.

மின்சாரத்தை மூட்டை கட்டி வைக்க முடியாது. உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்பட வேண்டிய பொருள் அது. சேமித்தே வாழப் பழகிய ஒரு சமூகத்துக்குள், சேமிக்கவியலாத ஒரு பொருள் அதன் மிக இன்றியமையாத தேவைகளுக்காக நுழைந்ததே லடாக்கின் மின்வரலாற்றில் உள்ள உண்மையான சிக்கல். அதற்குப் பிந்தைய அரை நூற்றாண்டுச் சமாளிப்புகள் யாவும் ஏதோ ஒரு வகையில் இந்தச் சிக்கலுக்கான விடைகளே.

வெளிச்சத்துக்கு முன்பு வெண்ணெய் விளக்கும், பாதாமி விளையும் தாழ்ந்த பள்ளத்தாக்குகளில் அதன் பருப்பிலிருந்து எடுத்த எண்ணெயும் இருந்தன. பிறகு மண்ணெண்ணெய் வந்தது. பல ஊர்களுக்கு முதலில் வந்து சேர்ந்த மின்சாரம் கம்பி வழியாக வரவில்லை, உலர் மின்கலத்துக்குள் அடைபட்டு வந்தது. 1971இல் வானொலியின் லே நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய பின் டிரான்சிஸ்டர் பெட்டிகள் கம்பங்களுக்கு வெகுகாலம் முன்பே ஊர்களை எட்டின. தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் டேவிட் எட்கர்ட்டன் 2006இல் வெளிவந்த ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூலில், ஒரு கருவி கண்டுபிடிக்கப்பட்ட நாளைவிட அது புழக்கத்தில் இருக்கும் காலத்தைக் கவனிக்கும்படி வரலாற்றாசிரியர்களை வற்புறுத்தினார். லடாக்கின் ஒரு வீட்டில் வரட்டி அடுப்பு, டிரான்சிஸ்டர், அரிக்கேன் விளக்கு, சூரிய விளக்கு, மின்சார பல்பு ஆகிய ஐந்தும் ஒரே காலத்தில் இயங்கிய ஆண்டுகள் உண்டு. புதியது பழையதை அகற்றும் என்ற படிநிலைக் கதை அங்கே பொருந்தாது. புதியது நின்றுபோகும் நேரங்களுக்காகவே பழையது பேணப்பட்டது.

1962 போருக்குப் பின் சாலை வந்தது. 1974இல் லடாக் சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. சாலையோடு டீசலும் வந்தது. லே நகரத்தின் பொது மின்விநியோகம் நெடுங்காலம் டீசல் ஜெனரேட்டர்களையே நம்பியிருந்தது. மாலையில் சில மணி நேரம் மட்டும் மின்சாரம், பிறகு நகரம் இருண்டுவிடும். தொலைக்காட்சி பார்ப்பது, துணிக்கு இஸ்திரி போடுவது, பிள்ளைகள் படிப்பது என எல்லாவற்றையும் அந்தச் சில மணிகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது.

டீசலுக்கு ஒரு சிறப்பு உண்டு: அது சேமிக்கத்தக்கது. சோஜி லா மூடப்படுவதற்குள், அதாவது ஏறத்தாழ நவம்பருக்குள், குளிர்காலம் முழுவதற்குமான எரிபொருளை மலையேற்றிவிட வேண்டும் என்ற அரசின் ஏற்பாடு, உறைவதற்கு முன் மாவரைத்துவிட வேண்டும் என்ற பழைய விதியின் மறுவடிவமே. செலவுதான் மிகுதி. மலையேறும் லாரி தானும் டீசலைக் குடித்துக்கொண்டே டீசலைச் சுமந்து வருகிறது. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு எரிபொருளே ஓடாமல் போவதும் உண்டு. ஓட்டுநர்கள் வண்டியின் தொட்டிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சூடேற்றுவது வழக்கமாயிற்று. சுழியத்துக்குக் கீழ் 33 டிகிரி வரை உறையாத குளிர்காலச் சிறப்பு டீசல் அரசு எண்ணெய் நிறுவனத்தால் லடாக்குக்கு அறிமுகப்படுத்தப்பட்டது 2019 நவம்பரில்தான். சாலை திறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த இந்தத் திருத்தம், திட்டமிடுவோரின் மேசைக்கு லடாக்கின் குளிர் எவ்வளவு மெதுவாகப் போய்ச் சேர்கிறது என்பதைக் காட்டுகிறது.

டீசலுக்கு மாற்றாக, லே நகருக்குத் தென்கிழக்கே சிந்துவின் மீது ஸ்தக்னா நீர்மின் திட்டம் வகுக்கப்பட்டது. 4 மெகாவாட் திறன் கொண்ட அந்நிலையம் நெடுநாள் இழுபறிக்குப் பின் 1980களில் உற்பத்திக்கு வந்தது. காகிதத்தில் அது லேயின் அன்றைய தேவைக்குப் பெரும் துணை. குளிர்காலத்திலோ இரண்டு இடர்கள் ஒருங்கே வந்தன. ஒன்று நீர்வரத்துக் குறைவு. மற்றது பனித்துகள். வேகமாகப் பாயும் ஆற்றுநீர் உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிரும்போது ஏரியைப் போல மேற்பரப்பில் தகடாக உறைவதில்லை. நீருக்குள்ளேயே ஊசி போன்ற நுண்ணிய பனித்துகள்கள் தோன்றி, தொட்ட இடத்திலெல்லாம் ஒட்டிக்கொள்கின்றன. நிலையத்தின் நீர்வாயிலில் குப்பைகளைத் தடுக்கும் கம்பித் தடுப்பின் மீது இவை படிந்தால் சில மணி நேரத்தில் வாயில் அடைபடும். கால்வாயின் அடியிலும் பக்கங்களிலும் படிந்து நீர்ப்பாதையைக் குறுக்கும். விடியற்காலையில் கடப்பாரையோடு சென்று பனியை உடைத்து நீரோட்டத்தைத் திறந்துவிடுவது குளிர்நாட்டு நீர்மின் நிலைய ஊழியரின் அன்றாடக் கடமை. அதைச் செய்தவர்களின் பெயர்கள் எந்தத் திறப்பு விழாக் கல்வெட்டிலும் இல்லை.

ஊரளவிலான சிறு நீர்மின் அமைப்புகளின் கதை வேறு. 1983இல் நிறுவப்பட்ட லடாக் சூழலியல் மேம்பாட்டுக் குழுவும், பின்னர் அரசின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமையும் மலையோடைகளில் சில கிலோவாட் முதல் சில நூறு கிலோவாட் வரையிலான அமைப்புகளை நிறுவின. இவற்றின் பொறியியல் எளிது. இவை கோரும் சமூக ஒழுங்குதான் கவனிக்கத்தக்கது. உற்பத்தி சிறிது. ஒரு வீட்டில் யாரேனும் நீர் சூடேற்றும் கம்பியைச் செருகினால் ஊர் முழுவதும் விளக்கு மங்கும். நகரத்தில் மின்திருட்டு மீட்டருக்கு மட்டுமே தெரியும் குற்றம்; இங்கே அது அண்டை வீட்டாரின் கண்ணெதிரே மங்கும் பல்பு. ஆகவே எந்தக் கருவி கூடும், எது கூடாது, பகலில் மின்சாரம் மாவாலைக்கா எண்ணெய்ச் செக்குக்கா, மாலையில் எத்தனை மணிக்கு வீடுகளுக்குத் திறந்துவிடுவது என்பனவற்றை ஊரே கூடி முடிவு செய்ய வேண்டும்.

அத்தகைய ஒழுங்குக்கு லடாக்கில் முன்மாதிரி இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெறும் நாட்டில் வேளாண்மை என்பது பனியுருகு நீரின் பங்கீடு. அப்பங்கீட்டை நடத்த ‘சுர்போன்’ எனப்படும் நீர்க்காவலரை ஊர் நியமிக்கிறது. யார் வயலுக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் வாய்க்கால் திறக்கப்பட வேண்டும் என்பதைச் சொல்லும் உரிமை அவருடையது. நமது ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டி, மடையர் போன்ற பொறுப்புகளை அறிந்த வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரை முறைவைத்துப் பகிரத் தெரிந்த ஊருக்கு மின்சாரத்தை முறைவைத்துப் பகிர்வது அந்நியமான செயல் அன்று. மாறாக, மீட்டரும் கட்டணச் சீட்டும் கொண்டு தனி வீட்டை மட்டுமே அறிந்த மின்துறைக்கு, ஊர் என்னும் அலகே அந்நியம். துறையின் கம்பி வந்து சேர்ந்த பின் ஊர்ப்பொது அமைப்புகள் பராமரிப்பின்றிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. ஆனால் துறையின் கம்பியும் ஜனவரியில் ஓய்ந்துவிடும் என்பதால், கைவிட்ட ஊர் இரண்டையும் இழந்தது.

இவ்விடத்தில் ஹெலினா நோர்பெர்க்-ஹாட்ஜின் ‘ஏன்ஷியன்ட் ஃபியூச்சர்ஸ்’ நூலைத் தவிர்த்துச் செல்ல முடியாது. 1975இல் லடாக்குக்கு வந்து, மேற்குறித்த சூழலியல் குழுவின் தோற்றத்தில் பங்குகொண்டவர் அவர். தன்னிறைவும் நிறைவும் கொண்ட ஒரு சமூகம் வெளியுலகப் பொருளாதாரத்தால் குலைந்த கதையாக 1991இல் வெளிவந்த அந்நூல் லடாக்கை உலகுக்குச் சொன்னது. சிறிய, பரவலான ஆற்றல் அமைப்புகளை அவர் முன்வைத்தது காலத்துக்கு முந்திய நோக்கு, அதில் ஐயமில்லை. ஆனால் பழைய ஏற்பாட்டின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதில் அந்நூல் காட்டும் ஆர்வம் குறைவு. வரட்டி தானாக அடுக்கிக்கொள்வதில்லை. புகைபோக்கி சரியில்லாத அறையில் குளிர்காலம் முழுவதும் அடுப்பருகே அமர்ந்திருந்த பெண்ணின் நுரையீரலும் அந்தத் தன்னிறைவின் கணக்கில் எழுதப்பட வேண்டியதே. ஊர்கள் மின்சாரம் வேண்டுமென்று கேட்டது நகரப் பகட்டில் மயங்கியதனால் மட்டும் அன்று.

சேமிக்கவியலாமை என்னும் சிக்கலுக்கு லடாக் கண்ட மிகச் சிறந்த விடை, மின்சாரத்தைக் கேட்காமலே வெப்பத்தைப் பெறுவது. ஆண்டில் சுமார் 300 நாள் தெளிந்த வெயில் அடிக்கும் நாடு அது. தெற்கு நோக்கிய சுவருக்குக் கறுப்பு வண்ணம் பூசி, அதன் முன் சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி பொருத்தினால், பகலில் சுவர் வெப்பத்தை உண்டு இரவில் அறைக்குள் உமிழும். பிரெஞ்சுப் பொறியாளர் பெலிக்ஸ் டிராம்பின் பெயரால் வழங்கும் இம்முறை 1970களின் பிற்பகுதியிலிருந்து லடாக்கில் முயலப்பட்டது. தடித்த மண்சுவருக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் கண்ணாடி கூர்மைப்படுத்தியது. அதனாலேயே அது வேரூன்றியது. வீட்டின் தென்புறத்தில் ‘ஷெல்காங்’ என்னும் கண்ணாடி அறை கட்டுவது இன்று லேயின் நடுத்தரக் குடும்பங்களிடையே பெருவழக்கு. குளிர்காலப் பகற்பொழுதின் வாழ்க்கை அவ்வறையில்தான் நடக்கிறது. 1988இல் தொடங்கப்பட்ட செக்மோல் என்னும் மாணவர் இயக்கம், பே கிராமத்தருகே மண்ணால் கட்டிய தன் வளாகத்தை, வெளியே கடும் உறைபனி நிலவும்போதும் அடுப்பின்றி உள்ளே இதமாக இருக்கும்படி அமைத்துக் காட்டியது. நீரிலும் இதே சிந்தனை ஓடியது. குளிர்காலத்தில் வீணாக ஓடும் நீரைத் தடுத்து உறையவைத்து இளவேனிலில் உருகவிடும் செவாங் நோர்பெலின் செயற்கைப் பனிப்பாறைகளும், அவற்றைத் தொடர்ந்து 2013–14 குளிர்காலத்தில் சோனம் வாங்சுக் உருவாக்கிய பனி ஸ்தூபியும் மாவு மூட்டையின் வழித்தோன்றல்களே.

சூரிய மின்விளக்குகள் இதே காலத்தில் ஊர் ஊராகப் பரவின. ஒரு தகடு, ஈய-அமிலப் பேட்டரி, இரண்டு விளக்கு என்ற எளிய தொகுதி. குளிர் தகட்டுக்கு நன்மை செய்யும். வெப்பம் குறையக் குறைய அதன் மின்னழுத்தம் உயரும், தரைப்பனியில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேரும். பேட்டரிக்கோ குளிர் பகை. உறைநிலைக்குக் கீழே அதன் கொள்ளளவு கணிசமாகக் குறைகிறது. முழுமையாக மின்னேற்றம் பெற்ற பேட்டரியின் அமிலம் எளிதில் உறையாது. தீர்ந்துபோன பேட்டரியில் அமிலம் நீர்த்துவிடுவதால் அது சாதாரணக் குளிரிலேயே உறைந்து ஓடு வெடித்துவிடும். ஆகவே பேட்டரியைப் போர்வை சுற்றி வீட்டுக்குள் வைப்பதும், முற்றாகத் தீரவிடாமல் விளக்கை அணைப்பதும், தகட்டின் மீது விழுந்த பனியைக் காலையில் துடைப்பதும் பழக்கமாக வேண்டும். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காமல், அல்லது மாற்றுப் பேட்டரி வாங்க வழியின்றி, தகடு மட்டும் கூரையில் எஞ்சிய வீடுகள் பல. வழங்கிய தொகுதிகளின் எண்ணிக்கை ஆண்டறிக்கையில் ஏறும். மூன்றாவது குளிர்காலத்தில் எரிந்துகொண்டிருந்தவை எத்தனை என்பது அறிக்கையில் இராது. ஊர்களின் எண்ணிக்கையில் நேர்ந்த அதே பிழை விளக்குகளின் எண்ணிக்கையிலும் நேர்ந்தது.

மின்தட்டுப்பாட்டின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழுந்ததுமில்லை. லடாக்கின் பள்ளிகளுக்கு நீண்ட குளிர்கால விடுமுறை உண்டு. வசதியுள்ள குடும்பங்கள் அக்காலத்தில் பிள்ளைகளை ஜம்மு, சண்டிகர், தில்லி ஆகிய நகரங்களுக்குத் தனிப்பயிற்சிக்கு அனுப்பின. அங்கே விளக்கும் வெப்பமும் பயிற்சி ஆசிரியரும் இருந்தனர். எஞ்சியவர்கள் ஒற்றை அடுப்பைச் சுற்றி, ஒற்றை விளக்கின் கீழ் படித்தார்கள். இராணுவ முகாம்களுக்கும் விடுதிகளுக்கும் சொந்த ஜெனரேட்டர்கள் இருந்தன. லே கடைத்தெருவில் மின்சாரம் நின்றதும் வரிசையாக முழங்கும் ஜெனரேட்டர் ஓசையைக் கேட்டே எந்தக் கடை எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பெரிய அணைகள் அடுத்து வந்தன. சிந்துவின் மீது ஆல்சியில் 45 மெகாவாட் நிமு-பாஸ்கோ, சுரு ஆற்றின் மீது கார்கிலுக்கு அருகே 44 மெகாவாட் சுட்டக் ஆகிய இரண்டுக்கும் 2006இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2014 ஆகஸ்ட் 12 அன்று பிரதமர் அவற்றை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 2.74 லட்சம் பேரே வாழும் ஒரு நாட்டுக்கு 89 மெகாவாட் தாராளம் என்றே தோன்றும். ஆனால் இவ்விரு நிலையங்களும் தேசிய மின்தொகுப்போடு இணைக்கப்படாத தீவுகளாக இருந்தன. கோடையில் உற்பத்தி செய்யக்கூடிய மிகுதியை வாங்க ஆளில்லை. நீர் வீணே வழிந்தது. குளிரில் உற்பத்தி சரியும்போது கைகொடுக்கவும் ஆளில்லை. ஓடையின் உழைப்பு அணையின் அளவுக்குப் பெருகியும் மாவாக மாறவில்லை.

இதற்குத் தீர்வாகவே ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில், கல்சி வழியாக லே வரை 220 கிலோவோல்ட் மின்பாதை அமைந்தது. சுமார் 335 கிலோமீட்டர் நீளம். சோஜி லாவின் பனிச்சரிவுகளைக் கடக்கும் கோபுரங்கள். 2019 பிப்ரவரி 3 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று லடாக் தனி ஒன்றியப் பகுதியாயிற்று. மின்பாதையின் பொருளை இவ்வாறு சொல்லலாம்: லடாக்கின் கோடை மிகுதி சமவெளிக்குச் செல்லவும், சமவெளியின் மின்சாரம் ஜனவரியில் மேலேறி வரவும் வழி பிறந்தது. மின்தொகுப்பே சேமிப்புக் கிடங்காக நின்றது. லேயிலும் கார்கிலிலும் அதன் பயன் வெளிப்படை. ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்டிருந்த மின்கணப்புகள் வீட்டுக்குள் வந்தன. புகையும் சாணச்சுமையும் குறைந்தன. அவ்வாறு குறைந்ததைப் பழமைமீதுள்ள பற்றால் குறைத்து மதிப்பிடுவது முறையன்று.

அதே வேளை மின்கணப்பை நம்பிக் கட்டப்படும் கான்கிரீட் வீடு, மண்வீடு போல வெயிலைச் சேமிப்பதில்லை. 220 கிலோவோல்ட் பாதையில் ஒரு பனிச்சரிவு, ஒரு மின்மாற்றிப் பழுது நேர்ந்தால் அவ்வீடு ஒரே இரவில் குளிர்ந்துவிடும். நகரில் மண்வீடும் அடுப்பும் உள்ளவர் மின்தடையை எரிச்சலோடு கடக்கிறார். வாடகைக்குக் கான்கிரீட் அறையில் வாழும் கூலித்தொழிலாளிக்கு அது இடர்.

அடுத்த கட்டம் இப்போது காகிதத்தில் இருக்கிறது. 2023 அக்டோபர் 18 அன்று மத்திய அமைச்சரவைக் குழு, லடாக்கில் 13 கிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்திட்டத்துக்கான மின்கடத்தல் வழித்தடத்துக்கு ஒப்புதல் அளித்தது. சாங்தாங் மேட்டுநிலத்தின் பாங் என்னுமிடத்திலிருந்து ஹரியானாவின் கைத்தல் வரை 713 கிலோமீட்டர் பாதை, மதிப்பீடு 20,773.70 கோடி ரூபாய். லடாக்கின் மின்கட்டமைப்போடும் ஜம்மு காஷ்மீருக்குச் செல்லும் பாதையோடும் இணைப்பு தரப்படும் என்றும் அறிவிப்பு கூறுகிறது. அத்திட்டத்தின் ஓர் உறுப்பு, 12 கிகாவாட்-மணி கொள்ளளவுள்ள பேட்டரிச் சேமிப்பு. நிமு-பாஸ்கோ முழுத்திறனில் பதினோரு நாள் இடைவிடாது ஓடித் தரும் மின்சாரத்துக்கு அது ஈடு.

பாங்கைச் சுற்றியுள்ள வெளிகள் சாங்பா மேய்ப்பர்களின் பஷ்மினா ஆடுகளுக்குரிய மேய்ச்சல் நிலங்கள். குளிர்காலத்தில் எந்த மேய்ச்சலை விட்டுவைப்பது, எதற்கு எப்போது நகர்வது என்ற அவர்களின் கணக்கும் ஒரு சேமிப்புக் கணக்கே. 2024 மார்ச்சில் லேயில் நடந்த 21 நாள் உண்ணாநோன்பின்போது எழுந்த கவலைகளுள் இந்நிலங்களின் இழப்பும் ஒன்று. சாங்பா கூடாரங்களின் அருகே இன்றும் ஒரு சிறு சூரியத் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். இரவில் அதன் பேட்டரியைக் கூடாரத்துக்குள், அடுப்புச் சூடு எட்டும் தொலைவில் வைத்துக்கொள்கிறார்கள்.